ஷல்லும் வில்லும்

எதிர்காலத்தைச் சொல்ல ஆங்கில வினைக்குத் தனி உருவம் கிடையாது. தமிழில் 'வருவேன்' என்ற ஒரே சொல்லில் காலமும் அடங்கிவிடும், வருகிறவர் யார் என்பதும் அடங்கிவிடும். ஆங்கிலத்துக்குத் துணைவினை வேண்டும். அந்த வேலையைப் பல நூற்றாண்டுகளாகப் பங்கிட்டுக்கொண்ட சொற்கள் ஷல், வில். இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பிறப்பிலேயே அவை வேறு வேறு.

பழைய ஆங்கிலத்தில் ஷல்லின் மூலவினைக்குக் கடன்பட்டிருத்தல் என்று பொருள். அதன் உறவுச்சொல்லான 'ஷுல்ட்' ஜெர்மன் மொழியில் இன்றும் கடனையும் குற்றத்தையும் சேர்த்தே குறிக்கிறது. இந்தச் சேர்க்கை தமிழருக்குப் புதிதல்ல. வட்டிக்கு வாங்கிய பணமும் கடன். காலையில் எழுந்ததும் முடிக்க வேண்டியதும் கடன். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதும் கடன். வில்லின் மூலப்பொருள் விரும்புதல். தமக்குப் பின் சொத்து யாருக்குப் போக வேண்டும் என்று ஒருவர் விரும்பி எழுதிவைக்கும் பத்திரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். அதுதான் தமிழுக்கு வந்து 'உயில்' ஆயிற்று. ஆக, ஷல் வெளியிலிருந்து ஒருவர் மேல் வந்து விழுவது. வில் அவர் மனத்திலிருந்து புறப்படுவது.

இந்த வேறுபாட்டை விதியாக வகுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் வாலிஸ். முடிவிலிக்குரிய குறியைக் கணிதத்துக்குத் தந்தவரும் இவரே. 1653-இல் அவர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தின்படி, தன்மையில் ஷல் வந்தால் வெறும் முன்னறிவிப்பு, வில் வந்தால் வாக்குறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும். விதி விசித்திரமாகத் தோன்றினாலும் உள்ளே நியாயம் இருக்கிறது. தன் விருப்பத்தை அறிவிக்கிறவரும் உறுதியாகப் பேசுகிறார், அடுத்தவர் தலையில் கடமையை ஏற்றுகிறவரும் உறுதியாகப் பேசுகிறார். இரண்டு இடத்திலும் ஆள்வது பேசுகிறவரின் மனம். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தைப் படித்த தமிழ்நாட்டு மாணவர்கள் மனப்பாடம் செய்ததும் இந்த விதியின் வழித்தோன்றலைத்தான்.

விதி நிலைக்கவில்லை. 1906-இல் ஆங்கில நடை நூல் ஒன்றில் பௌலர் சகோதரர்கள், தென் இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கு இது தானாக வரும், மற்றவர்களுக்குக் கற்பதே கடினம் என்று எழுதினார்கள். ஸ்காட்லாந்துக்காரரும் ஐரிஷ்காரரும் அமெரிக்கரும் அதற்கு வெளியே நின்றார்கள். 1925-இல் அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃப்ரீஸ் ஆங்கிலத்தின் பழைய நாடகங்களிலிருந்து தொடங்கி இரு சொற்களையும் எண்ணிப் பார்த்தபோது, வழக்கு விதிப்படி நடக்கவில்லை என்று தெரிந்தது. இன்றைய பேச்சில் வில்லே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. ஷல் உயிரோடு இருப்பது முக்கியமாகக் கேள்வியில்: 'கதவைத் திறக்கட்டுமா?' என்று தமிழர் கேட்கும் இடத்தில் இங்கிலாந்துக்காரர் ஷல்லைத்தான் போடுகிறார். அங்கே கேட்கப்படுவது எதிரில் இருப்பவரின் விருப்பம்.

சொல்லின் முழுக் கனத்தை அறிய இலக்கண நூலைவிட ஷேக்ஸ்பியரின் 'கோரியலேனஸ்' நல்ல வழி. மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சி. ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவி கைக்கு வந்துவிட்டதாக நம்பி வரும் தளபதி கோரியலேனஸைத் தெருவிலேயே மறிக்கிறார்கள் டிரிபியூன்கள், அதாவது ரோமின் எளிய மக்களுக்காகப் பேசும் பதவியாளர்கள். மக்கள் மனம் மாறிவிட்டது என்கிறார்கள். அவன் கொதித்துப்போய், மக்களுக்கு இலவசமாகத் தானியம் கொடுத்ததே தவறு என்கிறான். அப்போது சிசினியஸ் என்ற டிரிபியூன், இந்த நஞ்சு இவன் மனத்திலேயே கிடக்க வேண்டும், இதற்குமேல் பரவக் கூடாது என்கிறான். அந்த வாக்கியத்தின் துணைவினை ஷல்.

கோரியலேனஸ் வாக்கியத்தை விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறான். கேட்டீர்களா இவன் சொன்ன ஷல்லை என்று பிரபுக்களைப் பார்த்துக் கத்துகிறான். பொடிமீன்களுக்குக் கடவுளாக இருப்பவன், செனட்டை எதிர்த்து இப்படி ஒரு ஷல் போடலாமா என்று திரும்பத் திரும்ப அதே சொல்லைச் சொல்லிப் பொருமுகிறான். கூட இருக்கும் கொமினியஸும் அது முறைமீறிய பேச்சு என்கிறான். சொல்லப்பட்ட கருத்து அவர்களை அவ்வளவாகச் சுடவில்லை. கட்டளையிடும் உரிமை கைமாறிவிட்டது என்பதை அந்தத் துணைவினை காட்டிக்கொடுத்ததுதான் சுடுகிறது. நாடகம் அதோடு விடவில்லை. அதே அங்கத்தின் மூன்றாம் காட்சியில் ஷல் அமைந்த குறுவாக்கியம் ஒன்றைத் தான் சொன்னதும் கூட்டம் குரல் எழுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறான் சிசினியஸ். நாடுகடத்தல் தீர்ப்பு வரும்போது மக்கள் அந்த வாக்கியத்தையே ஒரே குரலில் முழங்குகிறார்கள். எந்தச் சொல் அவர்கள் வாயில் வரக் கூடாது என்றானோ, அந்தச் சொல்லாலேயே கோரியலேனஸ் ரோமை விட்டுத் துரத்தப்படுகிறான். ஒரு துணைவினைக்கு இத்தனை இடம் கொடுத்த நாடகம் அரிது.

சட்டமொழி இந்த அதிகாரத்துக்காகவே ஷல்லை வைத்துக்கொண்டது. இந்திய அரசமைப்பின் 74-ஆம் பிரிவு முதலில், குடியரசுத் தலைவருக்கு உதவவும் ஆலோசனை கூறவும் ஓர் அமைச்சரவை இருக்கும் என்று மட்டும் சொன்னது. அந்த ஆலோசனை அவரைக் கட்டுப்படுத்துமா என்ற விவாதத்துக்கு 1976-இன் 42-ஆம் திருத்தம் ஷல்லைக் கொண்டு முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் அதே அரசமைப்பின் 320-ஆம் பிரிவு, அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று ஷல் போட்டே சொல்லியும், அது கட்டாயமல்ல என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் இந்தத் தளர்ச்சிக்குக் கொடுத்த விலை பெரிது. கொலராடோ மாநிலத்தின் காஸில் ராக் ஊரில், பிரிந்திருந்த கணவருக்கு எதிராக ஒரு தாய் நீதிமன்றத் தடையாணை பெற்றிருந்தார். ஆணையை மீறினால் காவலர் கைதுசெய்தாக வேண்டும் என்று அதன் பின்பக்கத்தில் ஷல் போட்டு அச்சிட்டிருந்தது. 1999 ஜூனில் அந்தக் கணவர் மூன்று மகள்களையும் கொண்டுபோய்விட்டார். தாய் அன்று மாலையிலிருந்து காவல் நிலையத்துக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசினார், நள்ளிரவுக்குப் பின் நேரிலும் போனார். யாரும் தேடிப் புறப்படவில்லை. விடிவதற்குள் மூன்று சிறுமிகளும் கொல்லப்பட்டிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காவலரின் விருப்புரிமை நெடுங்கால மரபு, இந்த ஷல் அதைப் பறித்துவிடவில்லை என்று 2005-இல் ஏழு நீதிபதிகள் கூறினார்கள்; இருவர் மறுத்தார்கள். அந்த இருவர் பக்கமே நியாயம் இருந்தது. கட்டளை என்று நம்பி ஒரு தாய் கையில் வைத்திருந்த தாளில் இருந்த சொல், கட்டளையாக வேலை செய்யவில்லை.

இந்த வகைக் குழப்பத்தை ஒழிக்க நேரான வழி, கட்டாயத்துக்கு 'மஸ்ட்' என்று எழுதுவது. தென்னாப்பிரிக்காவின் 1993 இடைக்கால அரசமைப்பில் நிறைந்திருந்த ஷல், 1996 அரசமைப்பில் மஸ்டுக்கு இடம் விட்டது. அமெரிக்காவின் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளும் 2007 திருத்தத்தில் ஷல்லைக் கைவிட்டன. குடியிருப்போர் சங்கத்துக்கோ அலுவலகத்துக்கோ ஆங்கிலத்தில் விதிமுறை எழுத உட்காருகிறவர்கள் இந்த மாற்றத்தை இன்றே பின்பற்றலாம்: கட்டாயம் என்றால் மஸ்ட், விருப்பம் என்றால் மே.