குறியீட்டை எங்கே வைப்பது?

அருமனையில் என் மேசைக்கு ஸ்கேன் செய்ய வருபவற்றில் பழைய பத்திரங்கள் அதிகம். 1956 நவம்பர் 1-க்கு முன் இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் என்பதால், பலவும் மலையாளத்தில் இருக்கும். ஸ்கேன் முடிந்ததும் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்ற சரிபார்ப்புக் குறியீட்டை எடுத்துவிடுவேன்.

ஷா-256 என்ற கணக்குமுறை கோப்பின் எல்லா பைட்டுகளையும் வாங்கிக்கொண்டு 64 எழுத்தில் ஒரு குறியீடு தரும். ஒற்றைப் பக்கமானாலும் முழுநீளக் கல்யாண வீடியோவானாலும் அதே 64தான். கோப்பில் ஒரு பிட் மாறினால் போதும், குறியீடு அடையாளம் தெரியாமல் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும்; கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, குறியீடு காட்டிக்கொடுக்கும். டாக்குமெண்டாக அனுப்பினால் குறியீடு மாறாது.

ஆதாரின் 12-ஆவது இலக்கமும் ஒரு காவல்தான். முந்தைய 11 இலக்கங்களிலிருந்து வெர்ஹோஃப் முறையில் அது பிறக்கிறது. ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தாலும், அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றினாலும் பிடிபடும். ஆனால் அது கைத்தவறுக்கான காவல். வேண்டுமென்றே மாற்றுகிறவர் கடைசி இலக்கத்தையும் புதிதாகக் கணக்கிட்டுவிடுவார்.

செக்சத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. கோப்பையும் குறியீட்டையும் ஒரே பென்டிரைவில் வைத்தால், கோப்பை மாற்றுகிறவர் குறியீட்டையும் மாற்றிவிடலாம். பத்திரம் எழுதுகிறவர் பக்கத்தின் அடியில் அடித்தல், திருத்தல் எத்தனை என்று குறித்துக் கையெழுத்து வாங்குவதுபோல, நான் குறியீட்டைத் தாளில் அச்சிட்டுக் கையெழுத்து வாங்குகிறேன். ஒரு தாள் கோப்பைக் கொண்டுவந்தவரிடம், ஒன்று என்னிடம்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ், மின்னணு ஆவணத்தின் ஹாஷ் மதிப்பை, அதாவது இதே குறியீட்டைக் கேட்கிறது. படிவத்தில் எம்டி5, ஷா-1, ஷா-256 என்ற மூன்று கணக்குமுறைகளுக்கும் இடம் உண்டு. ஒரே எம்டி5 தரும் இரு வேறு தரவுகளை 2004-இலும், ஒரே ஷா-1 தரும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளை 2017-இலும் ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். அதனால் நான் ஷா-256-ஐத்தான் நிரப்பச் சொல்வேன்.

போலிப் பத்திரத்தை ஸ்கேன் செய்தாலும் செக்சம் கச்சிதமாக வரும். உள்ளே இருப்பது உண்மையா என்று அதற்குத் தெரியாது. எடுத்த நொடிக்குப் பிறகு மாறியதா என்று மட்டுமே தெரியும். ஆகவே சிசிடிவி பதிவோடு வந்து “கொஞ்சம் வெளிச்சம் கூட்டித் தாங்க” என்பவர்களிடம் முதலில் மூலத்தின் குறியீட்டை எடுத்துக்கொள்வேன். வெளிச்சம் கூட்டுவது நகலில்.