ஈரத்துண்டு

ஒரு சித்திரையில் நண்பர்கள் மூவர் அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடிக் கடற்கரைக்கு இருநாள் நடையாகப் புறப்பட்டோம். முதுகுப்பையில் பீர் புட்டிகள். உடன் வைத்த ஐஸ்கட்டி நண்பகலுக்குள் நீராயிற்று.

அப்பா நினைவுக்கு வந்தார். வயலில் மோர்ச்சொம்பை ஈரத்துண்டால் சுற்றி, காற்றுப்படும் கிளையில் தொங்கவிடுவார். நீர் ஆவியாகையில் வெப்பத்தையும் எடுத்துச்செல்லும். 1842இல் சென்னையில் ஐஸ்ஹவுஸ் எழுந்து, அமெரிக்கப் பனிக்கட்டி கப்பலில் வந்திறங்கிய காலத்திலும் எளியவர்க்கு ஈரத்துணியே பனிக்கட்டி.

புட்டிகளை ஈரத்துண்டால் சுற்றிப் பைக்கு வெளியே கட்டினோம். சூடு தணிந்தது. கடல் நெருங்கியதும், காற்றிலேயே ஈரம் மிகுந்திருந்ததால் துண்டு உலரவில்லை; குளிர்ச்சியும் குறைந்தது.

அப்பா குடியை வெறுத்தவர். அவர் தந்த வித்தையை இதற்கா பயன்படுத்தினேன் என்று மனம் உறுத்தியது. கரையில் நண்பர்கள் அருந்தினர். என் புட்டியை நான் திறக்கவில்லை; துண்டை மட்டும் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டேன்.