சாம், யுக், கூ... கைதட்டு!

கொரிய மொழி படிக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. எழுத்து ரெண்டே வாரத்துல வந்துடும். பயமுறுத்துறது எண்கள்தான். அங்கே எண்ணிக்கை ரெண்டு செட்! ஆளை, பொருளை, வயசை எண்ண ‘ஹனா, தூல், செத்’. பணம், தேதி, போன் நம்பருக்கு ‘இல், இ, சாம்’. கடிகாரம் பார்த்தா ரெண்டும் கலக்கும். மணிக்கு முதல் செட், நிமிஷத்துக்கு அடுத்த செட்!

காஞ்சிபுரத்துப் பசங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது. 2007-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு சாம்சங் வந்தது. கொரிய கம்பெனியில் மொழி தெரிஞ்சவங்களுக்குத் தனி மதிப்பு. சீரியல் பார்த்து ஆசைப்பட்டவங்க பாதி, வேலைக்காக வந்தவங்க பாதி என எங்க ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நிறைஞ்சுதான் இருந்தது. எண்கள் பாடம் வந்ததும் பெஞ்ச் காலியாக ஆரம்பிச்சுது.

பிள்ளையார்பாளையத்துத் தோழி ஒருத்தி மட்டும் விடலை. அப்பா நெசவாளி. வீட்டில் ஒருத்தருக்காவது மாசச் சம்பளம் வேணும். நோட்டில் நூறு வரை தப்பில்லாம எழுதுவா. வாயால கேட்டா, ஒண்ணுல ஆரம்பிச்சு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே வந்துதான் ஏழைப் பிடிப்பா.

அப்போதான் டீச்சர் நோட்டை மூடச் சொல்லி எங்களை வட்டமா நிக்க வச்சாங்க. ‘சாம் யுக் கூ’, அதாவது 3-6-9. கொரிய மாணவர்கள் கூடினா ஆடுற ஆட்டம். ஆளுக்கொரு எண் சொல்லணும். 3, 6, 9 வர்ற எண்ணுக்கு வாய் திறக்கக்கூடாது, கைதட்டணும். 13-க்கும் தட்டு. 33-க்கு ரெண்டு தட்டு. 30-லிருந்து 39 வரை ஒரே கைதட்டல்! தமிழில் நினைச்சு மாத்துறதுக்குள்ள நம்ம முறை வந்துடும். அதனால மூளை நேராவே அந்த மொழியில் எண்ணப் பழகிடுது.

அடுத்தது, 2024-ல் வந்த ‘ஸ்க்விட் கேம்’ ரெண்டாவது சீசனில் பார்த்திருப்பீங்க. டீச்சர் ‘செ மியொங்’னு கத்தினா மூணு மூணு பேரா சேரணும். ஆளை எண்ணும்போது ‘செத்’ சுருங்கி ‘செ’ ஆயிடும், ‘ஹனா’ ‘ஹன்’ ஆயிடும். நாம மட்டும் என்னவாம்? ‘ஒண்ணு ஆள்’னா சொல்றோம்? ‘ஒரு ஆள்’தானே!

தோழி வீட்டில் தறிச் சத்தத்தோட கைதட்டலும் சேர்ந்துக்கிச்சு. அவங்க அப்பா சிரிச்சாராம்: “நானும் எண்ணி எண்ணியாம்மா நெய்யறேன்? கைக்கே தெரியணும்.”

போன மாசம் அவளுக்கு இன்டர்வியூ. காலையில் எத்தனை மணிக்கு வர முடியும்னு கேட்டிருக்காங்க. ‘யொதொல் சி சாம்சிப் புன்’னு பட்டுனு சொல்லியிருக்கா. எட்டரை! பதில் இன்னும் வரலை. ஆனா பாதியில் நின்ன ரெண்டு பேர் திரும்ப வகுப்புக்கு வந்துட்டாங்க.

ஜப்பானிய மொழியோ, பிரெஞ்சோ, இந்தியோ... எதுக்கும் இது செட் ஆகும். அஞ்சு பேர் போதும், ஹாஸ்டல் வராண்டா போதும். இன்னிக்கே ஆரம்பிங்க!