இடப்பக்க வளைவு

கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்குள் நுழையும் லாரிக்கு மலை என்பது ஓரத்தில் தெரியும் காட்சி மட்டும்தான். பாலக்காட்டுக் கணவாய் அவ்வளவு அகலம். தேசிய நெடுஞ்சாலை 544 அதற்குள் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடிவிடுகிறது. அந்தத் தடத்தில் வருடக்கணக்கில் ஸ்டியரிங் பிடித்தவரும் தேனிப் பக்கம் வந்தால் புதிதாகத்தான் கற்க வேண்டும். இங்கிருந்து இடுக்கிக்குள் போகக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று வழிகள் உண்டு. எதில் போனாலும் மலையேறியே ஆக வேண்டும்.

போடிமெட்டு வழியாக மூணாறுக்கு சிமென்ட் ஏற்றிப் போன பத்து சக்கர லாரி ஒன்றில் நானும் ஏறிக்கொண்டேன். ஓட்டியது பொள்ளாச்சிப் பையன்; அதுவரை வாளையாறு தடத்திலேயே ஓடியவன். இடது பக்க சீட்டில் போடிக்காரர் ஒருவர், இந்த மலையிலேயே தலை நரைத்தவர். முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. மேலே போய்ச் சேர்வதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

"வளைவுக்குள்ள போயி யோசிக்காத தம்பி. கியர் மாத்துறதா இருந்தா இங்கனயே மாத்திரு."

முன் சக்கரம் கை திருப்பிய வழியில் போகும்; பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு வெட்டும் என்பதை வண்டியின் நீளம் தீர்மானிக்கிறது. மலைச்சாலைக் கொண்டை ஊசியின் உள்வளைவுக்குக் குறைந்தது 14 மீட்டர் ஆரம் வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறை. அந்த ஆரத்தில் முன் சக்கரம் சுற்றினால், அச்சுகளுக்கிடையே இரண்டரை மீட்டர் உள்ள சின்ன வண்டியின் பின் சக்கரம் கால் மீட்டர்கூட உள்வாங்காது. ஐந்து மீட்டர் உள்ள லாரியில் அது 90 சென்டிமீட்டரைத் தாண்டும். நீளம் இரண்டு மடங்கு, வெட்டு நான்கு மடங்கு. சின்ன வண்டியில் பழகிய கண் தடுமாறுவது இங்கேதான்.

அதிலும் வலப்பக்க வளைவு பரவாயில்லை. நாம் இடது ஓரமாகப் போவதால் வெளிவட்டம் நமக்குக் கிடைக்கிறது; உள்பக்கத்தையும் ஓட்டுநர் தன் ஜன்னலிலேயே பார்த்துக்கொள்ளலாம். இடப்பக்க வளைவில் எல்லாமே எதிராக நிற்கிறது. உள்வட்டம் குறுகல், ஏற்றமும் அங்கேதான் செங்குத்து, வெட்டும் சக்கரமோ ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத பக்கம். திரும்ப வேண்டுமானால் எதிரே வருபவரின் பாதிச் சாலையைக் கடன் வாங்கியே ஆக வேண்டும்.

அப்படி ஒரு வளைவில் மேலிருந்து ஹாரன் கேட்டது. பையன் நிறுத்தப் போனான். "நிக்காத, ஏறுற வண்டிக்குத்தான் வழி" என்றார் பெரியவர். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: அகலம் போதாத மலைச்சாலையில் இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். லோடு வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டால் கிளட்சைக் கருக்காமல் கிளப்புவது கடினம். ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று மேலே ஒதுங்கி நின்றது. பெரியவர் இடது ஜன்னலில் தலையை நீட்டி, பின் டயரையும் ஓரக் கல்லையும் பார்த்தபடி கதவை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டுச் சத்தம் கேட்கும்வரை வண்டி நகரலாம். மூக்கு எதிர்த் தடுப்புச் சுவர்வரை போகட்டும் என்று விட்டு, "இப்ப ஒடி!" என்றார். பையன் முழு ஒடிப்பு ஒடித்தான். கல்லுக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

அந்த இடது சீட்டுதான் இந்தத் தொழிலின் பள்ளிக்கூடம். பெரியவர் தலைமுறை முழுக்கக் கிளீனராக வந்தவர்கள். சக்கரத்துக்குக் கட்டை போட்டும், பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்தும் மலையை மனப்பாடம் செய்த பிறகே ஸ்டியரிங்கைத் தொட்டார்கள். இன்று எத்தனையோ லாரிகளில் அந்த சீட் காலி. ஒரு ஆள் சம்பளமும் படியும் மிச்சம் என்று முதலாளி கணக்குப் பார்க்கிறார். வாடகை அவரையும் நெருக்குகிறது, தெரியும். ஆனால் மைதானத்தில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கிய இருபத்து மூன்று வயதுப் பையனை, சிமென்ட் மூட்டைகளோடு தனியாக இந்த மலைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. சபரிமலை சீசனில் நெரிசல் கூடினால் கம்பம்மெட்டு வழியே ஏறி, குமுளி வழியே இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்குகிறார்கள். சாலை முழுவதும் தனக்கே கிடைக்கும் அந்த மாதங்களில்தான் புதியவர்களைப் பழக்குவதாகப் பெரியவர் சொன்னார்.

இறக்கத்தில் பாடம் வேறு. ஏறின கியரிலேயே இறங்கு என்பது பழைய கட்டளை. எஞ்சின் பிடித்து நிறுத்தும் வேகத்தை பிரேக்கை மிதித்தே நிறுத்தினால் டிரம் சூடேறி, பாதி மலையிலேயே பிடிப்பு போய்விடும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது பெரியவரின் குரல் கனத்தது. போடிமெட்டில் டீ குடித்துவிட்டுப் பையனிடம் சொன்னார்: "மேல ஏறிட்ட, சரி. இந்த மலையில லோடோட எறங்குறது இப்பக் கெடையாது. மூணாறுல எறக்கிட்டுக் காலி வண்டிய எறக்கு. நா பக்கத்துல இருக்கேன்."