கணக்கு நோட்டு என்னிடம் இருந்தது

எங்களுக்கு நெய்து கொடுத்தவர்கள் முன்னேறாததற்கு அவர்கள் மனசுதான் காரணம் என்று பல வருடம் நம்பினேன். நம்பியதோடு விடவில்லை, அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன். அது பொய். அந்தப் பொய்யால் எனக்கு லாபம் இருந்தது. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

காஞ்சிபுரத்தில் எங்கள் குடும்பம் தலைமுறையாகப் பட்டு கொடுத்து நெய்து வாங்குகிறது. கர்நாடகத்துப் பட்டு, சூரத் ஜரிகை, சாயம் எல்லாம் எங்கள் முதல். நெசவாளி தன் வீட்டுக் குழித்தறியில் உட்கார்ந்து நெய்வார். உடலையும் கரையையும் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் மனைவியுடையது. ஒரு காலத்தில் பிள்ளைகளுடையது. என்ன நிறம், என்ன கரை, முந்தானையில் என்ன வேலைப்பாடு, எந்தத் தேதிக்குள் வேண்டும், கூலி எவ்வளவு, எல்லாம் நாங்கள் சொல்வதுதான். நெய்கிறவர் தலையாட்டுவார்.

நான் சென்னையில் உளவியல் முதுகலை படித்தவன். படித்ததில் மனசில் ஒட்டிக்கொண்டது ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்கர் 1966-இல் வெளியிட்ட அளவுகோல். மொத்தம் 29 கேள்விகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வாக்கியங்கள். பெரும்பாலானவற்றில் ஒன்று, நடப்பதெல்லாம் என் முயற்சியால் என்கிற மாதிரி இருக்கும். மற்றது, அதிர்ஷ்டத்தால், விதியால், பெரிய இடத்துச் செல்வாக்கால் என்கிற மாதிரி இருக்கும். எதை ஏற்கிறாய் என்று சொல்ல வேண்டும். முதல் வகையை அதிகம் தேர்ந்தெடுப்பவர் தன் வாழ்க்கை தன் கையில் என்று நினைப்பவர். படிப்பிலும் உடல்நலத்திலும் இவர்கள் மேலாக இருக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் வந்தன. அப்பா தளர்ந்து நான் வியாபாரத்தைக் கையில் எடுத்தபோது, திண்ணையில் காதில் விழுந்த பேச்சை எல்லாம் இதை வைத்து அளந்தேன். "எல்லாம் தலையெழுத்து முதலாளி." "நம்ம கையில என்ன இருக்கு?" சரிதான், இரண்டாம் வகை, இதனால்தான் இவர்கள் அப்படியே இருக்கிறார்கள் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

சேலை வந்ததும் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் தராசு. கொடுத்தனுப்பிய பட்டும் ஜரிகையும் எவ்வளவு, வந்த சேலை எவ்வளவு என்று பார்ப்பேன். குறைந்தால் கூலியில் பிடித்தம். அடுத்து, வாசல் வெளிச்சத்தில் சேலையை விரித்து, உடலும் கரையும் சேருகிற இடத்தில் விரலை மெல்ல ஓட்டுவேன். ஒரு இழை தளர்ந்திருந்தாலும் அங்கே நகத்தால் தட்டிக் காட்டுவேன். எதிரே நிற்பவர் வாய் திறக்க மாட்டார். அந்தச் சேலைக்காக அவரும் மனைவியும் வாரக்கணக்கில் குழிக்குள் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிடித்தம் சரியா தப்பா என்று பார்க்க அவருக்கு இன்னொரு தராசு இல்லை. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறித் தறி நின்றுவிடும். கூலி நின்றாலும் அடுப்பு நிற்குமா? அரிசிக்கு என்னிடம்தான் வருவார். கொடுப்பேன். என் கணக்கு நோட்டில் முன்பணமாக ஏறும்.

அந்த முன்பணத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முன்பணம் பாக்கி இருக்கும்வரை நெசவாளி வேறு முதலாளியிடம் போக முடியாது. போக வேண்டுமானால் புது முதலாளி பழைய பாக்கியை அடைத்து அழைத்துக்கொள்ள வேண்டும். ஆளோடு கடனும் மாறும். கடனை விட்டு ஆள் மாற முடியாது. என்னைவிட மூத்த நெசவாளி ஒருவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். காமாட்சியம்மன், முருகன், அண்ணா பெயர்களில் இங்கே பட்டுச் சங்கங்கள் இருக்கின்றன, போனஸும் உண்டு. அவர் மகள் கல்யாணம் நெருங்குவது எனக்குத் தெரியும். நானாகவே அவர் வீட்டுக்குப் போய், "ஏன்ணே கவலைப்படுறீங்க, நான் இருக்கேன்ல" என்று அவர் கேட்டதைவிடக் கூடுதலாகவே கொடுத்தேன். தெரு முழுக்க என்னை மெச்சியது. அவர் சங்கத்துக்குப் போகாமல் இருக்கத்தான் கொடுத்தேன். வேறு காரணமே கிடையாது. அடுத்த வருடம் அவர் என் எதிரில் உட்கார்ந்து, "நம்ம கையில என்ன முதலாளி இருக்கு" என்றபோது, "அப்படிச் சொல்லாதீங்கண்ணே, மனசு வச்சா முடியாதது எதுவும் இல்ல" என்று அவருக்கே புத்தி சொன்னேன். இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

அவர் மகன் தறிக்கு வரவில்லை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அப்பாவின் பாக்கியை அடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். நோட்டைக் காட்டச் சொன்னான். ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தான். பிறகு, "இதோட நகல் எங்கப்பாகிட்ட ஏன் சார் இல்ல?" என்று கேட்டான். குரலில் கோபம் இல்லை. எனக்குப் பதில் இல்லை. அவன் அப்பா தலையெழுத்து என்று சொன்னாரே, அதை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பது அவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது.

அதன் பிறகுதான் பழைய பாடத்தை ஒழுங்காகப் படித்தேன். எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. ராட்டரே 1975-இல் எழுதிய கட்டுரையில், முதல் வகை நல்லவர்கள், இரண்டாம் வகை கெட்டவர்கள் என்று பிரிக்காதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார். அதற்கும் முன்பே, 1969-இல், பட்ரீஷியா குரினும் அவருடன் மூவரும் அமெரிக்கக் கறுப்பின மாணவர்களைப் பற்றி எழுதியது இன்னும் முக்கியமானது. என்னால் முடியுமா என்பது ஒரு கேள்வி. என் இனத்தார் தாழ்ந்து கிடக்க யார் காரணம் என்பது வேறு கேள்வி. ராட்டரின் அளவுகோல் இரண்டையும் குழப்புகிறது என்று அவர்கள் காட்டினார்கள். குறை தங்களிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்று சொன்ன மாணவர்கள்தான் கூட்டாகப் போராட அதிகம் முன்வந்தார்கள். அண்ணன் சொன்னது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அது அவர் நிலைமையைப் பற்றிய சரியான கணிப்பு.

இன்னொன்றும் படித்தேன். லண்டன் அரசு ஊழியர்களை வைத்து மைக்கேல் மார்மட் குழுவினர் செய்த ஆய்வு 1997-இல் வந்தது. தன் வேலையில் தனக்குச் சொல் இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது என்றது. எங்கள் தெருவில் எத்தனை பேருக்கு அவர்கள் வேலையில் சொல் இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்து, ஓரளவு கட்டாயத்தின் பேரிலாவது உழைத்தால், அது கொத்தடிமை முறை. எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை, வாய்ச்சொல் போதும். அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமையே இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம், பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் ஆக்கினால் அதுவும் கட்டாயம்தான் என்றது. நான் யாரையும் அடித்ததில்லை, பூட்டி வைத்ததில்லை. அதைச் சொல்லியே இவ்வளவு காலம் என்னை நல்லவனாக நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பையன் கொண்டுவந்த பணத்தை வாங்கவில்லை. அவன் அப்பா கணக்கை அடித்துவிட்டேன், மற்றவர்களுடையதையும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அடிக்க வேண்டிய கடன்தான். அண்ணனுக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது, தறியில் உட்காருவதில்லை. அவர் சங்கத்தில் சேர்ந்திருக்கக்கூடிய வருடங்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்றும் பாவு கொடுத்து நெய்யச் சொல்லும் என் தொழில்காரர்களிடம் கேட்கிறேன். உங்கள் நோட்டின் நகலை நெய்கிறவர் கையில் கொடுங்கள். எடை போடும்போது அவரையும் தராசைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சங்கத்துக்கோ வேறு முதலாளியிடமோ போகிறேன் என்றால், பாக்கியைக் காட்டி நிறுத்தாதீர்கள்.