வீடு மாறும் படங்கள்

வீடு மாறுவது லேசான காரியம் அல்ல. பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்க வேண்டும், கேஸ் இணைப்பை மாற்ற வேண்டும், பாத்திரங்களைச் சாக்கில் கட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவே கடைசியாக நினைவுக்கு வருவது சுவரில் மாட்டியிருக்கும் படங்கள்தான். லாரி வாசலுக்கு வந்த பிறகு அவசர அவசரமாகக் கழற்றி, போர்வையில் சுற்றி, மெத்தைகளுக்கு நடுவில் செருகிவிடுவார்கள். புது வீட்டில் பிரிக்கும்போதுதான் வயிறு எரியும்!

கும்பகோணத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமான பிறகு, சென்னையில் மகன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவாயிற்று. கட்டில், பீரோ, அண்டா எல்லாவற்றையும் கொடுத்துவிடச் சம்மதித்தவர், கூடத்தில் இருந்த மூன்று படங்களை மட்டும் விட மறுத்தார். ஒன்று, மாமியார் வழி வந்த வெண்ணெய்க் கிருஷ்ணன், தஞ்சாவூர்ப் பலகைப் படம். இரண்டாவது, கண்ணாடியில் வரைந்த ராமர் பட்டாபிஷேகம். மூன்றாவது, ரவிவர்மா அச்சகத்தில் அச்சான லட்சுமி.

சாமான் கட்ட வந்த மேற்பார்வையாளர் ஒரு படிவத்தை நீட்டினார். ஒவ்வொரு பொருளுக்கும் மதிப்பு எழுத வேண்டும், அதை வைத்துத்தான் இன்சூரன்ஸ்.

"கிருஷ்ணனுக்கு என்ன போடட்டும் அம்மா?"

"நீயே சொல்லு தம்பி. உடைந்தால் இதையே திருப்பித் தருவாயா?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி நியாயமானது. ஃபிரிட்ஜ் போனால் அதே மாடலில் இன்னொன்று வாங்கலாம். பழைய தஞ்சாவூர் ஓவியர்களில் பெரும்பாலோர் படத்தில் பெயர்கூட எழுதி வைத்ததில்லை. யாரிடம் போய் இன்னொன்று கேட்பது?

படத்தைக் காப்பதற்கு முதல் படி, அது எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வது. பலகைப் படத்தில் மரப்பலகை மேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்து பூசியிருப்பார்கள். நகை, தூண், மண்டபம் எல்லாம் மேடாக எழும்பியிருக்கும். அதில் கற்களைப் பதித்துத் தங்க ரேக்கை ஒட்டுவார்கள். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே இருக்கும் பூச்சுக்கு அந்த வளைவு கிடையாது. அதனால்தான் விரிசல் விடுகிறது.

மோனா லிசாவும் ஒரு பலகைப் படம்தான். பாப்ளர் மரத்தில் தீட்டியது. 1939 ஆகஸ்டில், போர் மூளும் என்று தெரிந்ததும், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தார் அதைத் தனிப் பெட்டியில் வைத்து ஷாம்போர் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1945இல் போர் முடிவதற்குள் அது பல இடங்களுக்கு மாறியது. இத்தனை அலைச்சலிலும் சேதமின்றித் திரும்பியது. அதற்குக் காரணம் அதிர்ஷ்டம் மட்டுமல்ல. ஒவ்வொரு முறையும் அதன் குணம் அறிந்த ஆட்கள் கூடவே இருந்தார்கள்.

கும்பகோணத்துக் கிருஷ்ணனுக்கு அந்த ஆள், ஆசிரியைதான். முதலில் முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள் எல்லாவற்றையும் மகனைவிட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னார். புதிதாக ஏதாவது சேதம் வந்தால் தெரிய வேண்டுமே! சட்டத்தின் கண்ணாடிமேல் காகித நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். கண்ணாடி உடைந்தாலும் சில்லுகள் ஓவியத்தின்மேல் கொட்டாது. முலாம் பூசிய சட்டத்தில் நாடா படவில்லை. பட்டால் முலாமும் சேர்ந்து வந்துவிடும். செய்தித்தாளின் மை ஒட்டும் என்பதால் மெழுகில்லாத வழவழப்பான வெள்ளைத்தாளைச் சுற்றி, அதன்மேல்தான் பபிள் ராப். குமிழ்கள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். உள்பக்கம் இருந்தால் வெயிலில் வட்ட வட்டமாகத் தடம் பதியும். நான்கு மூலைக்கும் அட்டை, முன்னும் பின்னும் கெட்டியான பலகை.

சாதாரணமாகச் சட்டமிட்ட படங்களை நிமிர்த்தித்தான் ஏற்ற வேண்டும். படுக்கப் போட்டால் மேலே எதையாவது வைத்துவிடுவார்கள். ஆனால் இந்தக் கிருஷ்ணனின் வலது ஓரத்தில் பூச்சு ஏற்கெனவே பெயர ஆரம்பித்திருந்தது. அப்படிப்பட்ட படத்தை முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். எனவே அது லாரியில் ஏறவில்லை. காரின் பின்சீட்டில், மெத்தைத் தலையணை மேல் பயணம்.

ராமர் பட்டாபிஷேகம் இன்னும் சிக்கல். அதில் கண்ணாடிதான் ஓவியமே. பின்பக்கத்தில் தலைகீழ் வரிசையில் வர்ணம் தீட்டியிருக்கும். கண்ணாடி போனால் படம் போயிற்று. நாடாவை ஒட்டிப் பிய்த்தால் பின்னால் இருக்கும் வர்ணம் அசையக்கூடும் என்று அதை ஒட்டாமல் சுற்றி, சுமார் 300 கிலோமீட்டரும் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

லட்சுமியின் தாள் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. "பிரித்துவிடட்டுமா அம்மா?" என்றான் மகன். கூடாது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டியபடியே சட்டத்தோடு கட்டி, லாரியின் பக்கச் சுவரில் நிமிர்த்திக் கயிற்றால் கட்டினார்கள்.

சென்னை கடலோர ஊர், ஈரக்காற்று. பிளாஸ்டிக் உறைக்குள் பல நாள் வைத்திருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் மறுநாளே, தரையில் வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் பிரித்தார்கள். பட்டாபிஷேகம் பத்திரம். லட்சுமியும் பத்திரம். கிருஷ்ணனைப் பிரித்துவிட்டு மகன் தாளைக் கசக்கப் போனான்.

"உதறாதேடா, இரு!"

தாளின் மடிப்பில் அரிசி அளவு சிவப்புக் கல் ஒன்று கிடந்தது. மாலையிலிருந்து உதிர்ந்தது. மகன் ஃபெவிகால் எடுக்க ஓடினான். ஆசிரியை தடுத்து, கல்லை ஒரு குங்குமச் சிமிழில் போட்டு மூடினார். தஞ்சாவூர்ப் படம் செய்யத் தெரிந்தவர் கையால்தான் அது ஏற வேண்டும் என்பது அவர் முடிவு. அதுவரை கிருஷ்ணன் மாலையில் ஒரு கல் குறைவாகவே இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் படிவத்தில் அந்தக் கல்லுக்குக் கட்டமே இல்லை. குப்பைக்கூடைக்குப் போகாமல் அதைக் காப்பாற்றியது, தாளை உதறுமுன் ஒரு நிமிடம் நின்று பார்த்த கண்கள்தான்.