பனிமலை ஊரில் ஒரு நேர்த்திக்கடன்

நவராத்திரி வேலை தொடங்குறதுக்கு முன்னாடி, நம்ம மடப்பள்ளித் தொண்டூழியர்கள் ஆறு பேர் சுவிட்சர்லாந்து போய் வந்தோம். படம் மட்டும் போட்டா போதாது, எழுதுங்கன்னு கேட்டீங்க. இதோ.

இண்டர்லாக்கன், ஜங்ஃப்ராவ் எல்லாம் எல்லாரும் போற இடம்தான். எங்க மனசுல நின்னது ஃபீஷ் என்கிற சின்ன ஊர். அங்கிருந்து கேபிள் காரில் ஏறி, மலையைக் குடைஞ்ச சுமார் 1 கிலோமீட்டர் சுரங்கப் பாதையில நடந்து போனா மேர்யெலன் ஏரி. அதைத் தாண்டினா அலெட்ச் பனியாறு. ஆல்ப்ஸ் மலையிலேயே நீளமானது, சுமார் 20 கிலோமீட்டர்! குளிரில் எங்களுக்குப் பேச்சே வரல.

ஒரு காலத்துல இந்தப் பனியே அணை மாதிரி நின்னு ஏரியைத் தேக்கி வெச்சிருந்தது. தண்ணி திடீர்னு உடைச்சுக்கிட்டு வந்தா கீழே ஊரே வெள்ளக்காடு. அதனால 1678-ல் அந்த ஊர்க் கத்தோலிக்க மக்கள், பனி வளரக் கூடாதுன்னு நேர்ந்துக்கிட்டாங்க. 1862-லிருந்து அதுக்காக ஊர்வலமும் போனாங்க.

இப்போ பனி உருகிச் சுருங்கிக்கிட்டே போகுது. பெரிய ஏரி இருந்த இடத்துல சின்னச் சின்னக் குட்டைங்கதான். பனி போயிட்டா நாளைக்குத் தண்ணிக்கு என்ன செய்யறதுன்னு பயம். ஆனா முன்னோர் வெச்ச நேர்த்தியை இஷ்டத்துக்கு மாத்த முடியுமா? போப்பாண்டவர்கிட்ட முறையா அனுமதி கேட்டாங்க. 2010-ல் கிடைச்சது. இப்போ அதே ஊர்வலம், பனி உருகக் கூடாதுன்னு!

நாங்க சிரிச்சிட்டோம். தேர் அன்னைக்கு மழை வேணாம்னும், வெயில் கொளுத்தினா மழை வேணும்னும் ஒரே சாமிகிட்ட கேட்கிறவங்கதானே நாம?

எங்ககூட வந்த அக்கா மட்டும் சிரிக்கல. அவங்க அம்மா ரெண்டு வருஷம் படுக்கையில இருந்தது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். அக்கா பிழைக்கணும்னு நேர்ந்து, 48 நாள் விரதம் இருந்தாங்க. ஏரிக்கரைப் பாறையில உட்கார்ந்து மெதுவா சொன்னாங்க: "கடைசி வாரம் நானும் மாத்தித்தான் கேட்டேன். வலி இல்லாம கூட்டிக்கோன்னு கேட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

யாரும் எதுவும் பேசல. ஒருத்தர் பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி ஊத்திக் கொடுத்தார். கேபிள் காருக்கு நேரமாகும் வரைக்கும் அங்கேயே அக்கா பக்கத்துல உட்கார்ந்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்குக் காய்கறி நறுக்க ஆள் வேணும். வர்றவங்களுக்கு சாக்லேட் இருக்கு.